வீட்டு ஸ்டீரியோவுக்குச் சப்வூஃபர் தேவையா? வாங்கும் முன்பும் பொருத்திய பின்பும் செய்ய வேண்டியவை

இரண்டு ஸ்பீக்கரும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் (ஆம்ப்) உள்ள வீட்டு ஸ்டீரியோவில் சப்வூஃபர் (சப்), அதாவது பேஸ் எனும் ஆழ்ந்த கீழ்ச்சுருதிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர் பெட்டி, சேர்த்தால் பாட்டு நன்றாகுமா என்று கேட்டால், கடையில் எப்போதும் ஒரே பதில்தான்: "ஆகும், எடுத்துட்டுப் போங்க." பாதி உண்மை. சரியாகப் பொருத்தினால் பேஸ் மட்டுமல்ல, பாடகரின் குரல்கூடத் தெளியும். தவறாகப் பொருத்தினால் கல்யாண வேனில் கேட்கும் ஒரே சுருதி "தும் தும்" வரவேற்பறைக்கு வந்துவிடும். அளவுகோல் எளிது. சப் ஓடும்போது அது ஓடுவதே தெரியக்கூடாது. அணைத்தால்தான் ஏதோ குறைவது தெரிய வேண்டும். மூலையில் இருந்து பேஸ் வருவதைக் காது சுட்டிக்காட்டினால் அமைப்பில் பிழை இருக்கிறது.

முதலில், உங்கள் ஸ்பீக்கர் எதை விட்டுவிடுகிறது?

5 அல்லது 5¼ அங்குல வூஃபர் (கீழ்ச்சுருதியைத் தரும் பகுதி) உள்ள சிறிய ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 55–60 ஹெர்ட்ஸோடு (விநாடிக்கு இத்தனை அதிர்வு; எண் குறைந்தால் சுருதி கீழே) களைத்துவிடும். 6½ அங்குலம் இன்னும் கொஞ்சம் இறங்கும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி கிட்டாரில் 31. பியானோவின் கடைசிக் கட்டை 27.5. கீபோர்டும் பேஸ் கிட்டாரும் நிறைந்த திரைப்பாடல், தேவாலயப் பாடல், எலெக்ட்ரானிக் இசை கேட்பவர்களுக்கு இந்தக் கீழ்த்தளம் முழுவதும் காணாமல் போகிறது. வாய்ப்பாட்டு, வயலின், புல்லாங்குழல், நாதஸ்வரம் மட்டுமே கேட்கும் வீட்டில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிகம் எதுவும் இல்லை. அங்கே சப் வாங்கும் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுவதே மேல்.

சோதிக்கச் செலவில்லை. போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை இறக்கி, ஆக்ஸ் ஒயரில் ஆம்ப்போடு இணையுங்கள். மிதமான ஒலியில் 100, 80, 63, 50, 40 ஹெர்ட்ஸ் என்று ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். ஒலியைக் கூட்டி ஓட்டினால் சிறிய வூஃபரின் கோன் (அதிரும் கூம்பு) அளவுக்கு மீறி ஆடும், கவனம். ஒவ்வொரு சுருதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு எழுந்து அறையைச் சுற்றி நடங்கள். கீழே போகப் போகக் காதின் கூர்மை இயல்பாகவே குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் எந்த இடத்திலும் கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கரின் குறை. நாற்காலியில் கேட்கவில்லை, சுவரோரம் போனால் கும்மென்று கேட்கிறது என்றால் அறையின் குறை. இரண்டாவது வகைக்குச் சப் வாங்கினாலும் அதே பள்ளத்தில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். நாற்காலியை ஒன்றரை அடி நகர்த்தினாலே பாதி தீரும்.

அறைக் கணக்கு

அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து, 572-ஐ ஒவ்வொன்றாலும் வகுங்கள். நம் ஊர் வெப்பத்தில், அதாவது 30 டிகிரியில், ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,145 அடி ஓடுகிறது. அதில் பாதிதான் இந்த 572. கிடைக்கும் எண், அந்தத் திசையில் அறை தானாகவே முழங்கும் முதல் அதிர்வெண்.

10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 48, 14 அடிக்கு 41, 16 அடிக்கு 36.

மூன்று எண்களும் தள்ளித் தள்ளி இருந்தால் நல்லது. 10 அடி உயரமுள்ள 12-க்கு 12 சதுர அறையில் 48 ஹெர்ட்ஸ் இரட்டிப்பாக முழங்கும். 10 அடி அகலமும் 10 அடி உயரமும் சேர்ந்தால் 57-ல் அதே கதை. பேஸ் கிட்டார் எந்தச் சுருதியில் ஓடினாலும் ஒரு சுருதி மட்டும் தூக்கலாகக் கேட்பதற்கு இதுதான் காரணம்; சப்பின் தரம் அல்ல. அறையின் நட்ட நடுவில் உட்கார்ந்தால் அதே முதல் அதிர்வெண் ஏறக்குறைய மறைந்துவிடும். பின் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்தால் பொங்கி வழியும். அறை நீளத்தில் 38 சதவீத இடத்தில் தொடங்கிப் பார்ப்பது வழக்கம்: 14 அடி அறையில் சுவரிலிருந்து ஐந்தேகால் அடி.

குமரி மாவட்டத்தில் இரண்டு வகை வீடும் அடுத்தடுத்து நிற்கும். மேலே கான்கிரீட் வார்ப்புப் போட்ட, தரையில் டைல்ஸ் ஒட்டிய வீட்டில் பேஸ் வெளியே தப்ப வழியில்லை. ஆறு பக்கமும் திருப்பி அடிக்கும். அங்கே 8 அல்லது 10 அங்குல சப்பே தாராளம். ஓட்டு வீட்டில் கூரை வழியாகவும் திறந்த முற்றம் வழியாகவும் பேஸ் வெளியேறும். ஒலி சுத்தமாக இருக்கும், ஆனால் அதே அழுத்தத்துக்கு 12 அங்குலம் தேவைப்படலாம். கூடவே கூரை ஓடுகளும் மரத்தட்டும் கிலுகிலுக்கும். பத்மநாபபுரம், தக்கலைப் பக்கத்துப் பழைய மரவேலை வீடுகளில் இந்தக் கிலுகிலுப்பே முதல் எதிரி.

தென்னை நார்ப் பாயைச் சுவரில் தொங்கவிட்டால் பேஸ் அடங்கும் என்று நம்புபவர்கள் உண்டு. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏழு மீட்டர். அரை அங்குலப் பாய் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பாயும் திரையும் குரலின் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான்.

எதை வாங்குவது

பி.எம்.பி.ஓ. (நொடிப்பொழுது உச்சம்) என்று எழுதிய வாட்ஸ் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரும் வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லவில்லையா? பெட்டியின் பின்னால் மின்சாரம் எடுக்கும் அளவு அச்சிட்டிருப்பார்கள். 60 வாட்ஸ் எடுக்கும் பெட்டி 200 வாட்ஸைத் தொடர்ந்து வெளியே தள்ள முடியாது.

மூடிய பெட்டி, துளையுள்ள பெட்டி என இரண்டு வகை. துளைப் பெட்டி வில்லுப்பாட்டுக் குடம் மாதிரி: உள்ளே அடைபட்ட காற்றும் வாய்ப்பகுதிக் காற்றும் சேர்ந்து குறிப்பிட்ட ஒரு சுருதியில் முழங்கும். அந்தச் சுருதியில் கொஞ்ச வாட்ஸுக்கே நிறையச் சத்தம் கிடைக்கும். அதற்குக் கீழே சட்டென்று விழும். மூடிய பெட்டி மெதுவாக விழும், சிறிய வார்ப்பு அறையோடு நன்றாகச் சேரும். பாட்டுக்கு மட்டும் என்றால் எங்கள் ஓட்டு மூடிய பெட்டிக்கு. சினிமாவும் பார்ப்பவர்கள் துளைப் பெட்டி எடுக்கலாம். 10 அங்குல வூஃபருக்கு 2 அங்குலத் துளை போட்ட மலிவுப் பெட்டிகள் சத்தம் கூட்டினால் "புஸ் புஸ்" என்று ஊதும். குறைந்தது 3 அங்குலம் வேண்டும், 12 அங்குல வூஃபருக்கு 4.

கோனைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பராக இருக்கட்டும். ஸ்பாஞ்சு விளிம்பு நம் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் பொடிந்துவிடும். பின்னால் இருக்க வேண்டியவை: கிராஸ்ஓவர் குமிழ் (எந்தச் சுருதிக்குக் கீழே சப் பாட வேண்டும் என்று பிரிப்பது), ஃபேஸ் சுவிட்ச் (சப்பின் அதிர்வை ஸ்பீக்கரோடு ஒத்துப்போகத் திருப்புவது), ஆர்.சி.ஏ. உள்ளீடு (சாதாரண ஆடியோ கேபிள் சொருகும் வட்ட முனை), முடிந்தால் ஸ்பீக்கர் ஒயரை நேராகச் சொருகும் ஹை லெவல் உள்ளீடு. ஹை லெவல் இருந்தால் சப் அவுட் இல்லாத பழைய ஆம்ப்போடும் சேர்க்கலாம்.

ஊரிலேயே அசெம்பிள் செய்வதானால் இரண்டு எச்சரிக்கை. டி.டி.ஏ. 7294 என்ற ஆம்ப் ஐ.சி. போட்ட போர்டுக்கு 4 ஓம் வூஃபர் மாட்டினால் மின்னழுத்தம் ±27 வோல்ட்டைச் சுற்றி இருக்க வேண்டும். அதற்கு 18-0-18 அல்லது 20-0-20 டிரான்ஸ்ஃபார்மர் போதும். 24-0-24 மாட்டினால் ±34 வரும். அது 8 ஓமுக்குச் சரி, 4 ஓமில் ஐ.சி. கொதித்து அடிக்கடி நின்று போகும். இரண்டாவது, பெட்டி. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையின் வெட்டிய ஓரம் ஈரம் குடித்து ஊதும், 18 மி.மீ. மரைன் பிளை எடுத்து ஓரங்களை அடைத்து வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். மூடிய பெட்டியில் காற்று கசிகிறதா என்று பார்க்க, மின்சாரத்தை அணைத்துவிட்டு கோனை விரல்களால் மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். தயங்கித் தயங்கித் திரும்பினால் பெட்டி இறுக்கம். சட்டென்று துள்ளினால் எங்கோ ஓட்டை.

இணைப்பது எப்படி

ஏ.வி. ரிசீவர் (டி.வி., சினிமா ஒலிக்கான பல சேனல் ஆம்ப்) இருந்தால் வேலை சுலபம். சப் அவுட்டிலிருந்து ஒரே ஆர்.சி.ஏ. கேபிள். மெனுவில் ஸ்பீக்கர்களை "ஸ்மால்" என்று வைத்து, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். சப்பின் சொந்தக் கிராஸ்ஓவர் குமிழை அதிகபட்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். இரண்டு கிராஸ்ஓவர் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் நடுவில் பள்ளம் விழும்.

சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்பில் சப் அவுட் இருந்தாலும், பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கருக்கு முழு ஒலியும் போய்க்கொண்டே இருக்கும். சப் சேர்த்ததன் பெரிய லாபம் அங்கே கைநழுவுகிறது. ஒரே சத்தத்துக்கு அதிர்வெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு ஆட வேண்டும். அந்த ஆட்டத்தைச் சிறிய வூஃபரிடமிருந்து எடுத்துவிட்டால்தான் அதே வூஃபர் பாடும் குரல் கலங்காமல் வரும். "ப்ரீ அவுட்" (பவர் ஆம்ப்புக்கு முந்தைய வெளியீடு), "மெயின் இன்" (பவர் ஆம்ப்பின் உள்ளீடு) என்ற இரண்டும் தனித்தனியாக உள்ள ஆம்ப் என்றால் மலிவான வழி உண்டு: பவர் ஆம்ப்பின் உள்ளீட்டு மின்தடை 47 கிலோ ஓம் ஆனால், இரண்டு சேனலிலும் தொடராக 0.047 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் ஒவ்வொன்று. 72 ஹெர்ட்ஸிலிருந்து கீழே மெதுவாகக் குறையும். 10 கிலோ ஓம் என்றால் 0.22. சப்புக்குப் போகும் ஒயர் கெபாசிட்டருக்கு முன்னாலேயே பிரிய வேண்டும்.

ஸ்பீக்கர் ஒயரிலேயே பெரிய கெபாசிட்டர் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். கணக்குப்படி 8 ஓமுக்கு 250 மைக்ரோஃபாரட் வரும். ஆனால் அந்தப் பகுதியில் ஸ்பீக்கரின் மின்தடை 8 ஓமாக இருப்பதே இல்லை. மேலும் கீழும் குதிக்கும்.

டேப் அவுட், ரெக் அவுட் எனும் ஒலிப்பதிவுக் கருவிக்கான முனைகளில் சப்பைச் சொருகாதீர்கள். வால்யூம் குமிழ் அதைக் கட்டுப்படுத்தாது. பாட்டைக் குறைத்தாலும் பேஸ் அப்படியே இடிக்கும்.

ஹை லெவல் இணைப்பில் சப் கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுப்பதில்லை. 0.75 சதுர மி.மீ. ஒயர் போதும், ஸ்பீக்கர் ஒயரோடு சேர்த்தே முறுக்கலாம். ஒரு ஆபத்து மட்டும் உண்டு. சின்னச் சின்ன கிளாஸ் டி ஆம்ப்புகளில் இடது, வலது இரண்டு கறுப்பு முனையும் கிரவுண்ட் அல்ல. சப்பின் பொதுக் கிரவுண்டில் இரண்டையும் கட்டினால் ஆம்ப் புகைந்துவிடும். மல்டிமீட்டரை எடுத்து, ஆம்ப் அணைந்திருக்கும்போது இரண்டு கறுப்பு முனைக்கும் இடையே பீப் வருகிறதா பாருங்கள், வராவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். பீப் வந்தாலும், ஆம்ப்பை ஓடவிட்டு, பாட்டு இல்லாமல், கறுப்பு முனைக்கும் ஆர்.சி.ஏ. வெளி வளையத்துக்கும் இடையே டி.சி. அளந்து பாருங்கள். 24 வோல்ட் அடாப்டர் ஆம்ப்பில் 12 வோல்ட் காட்டினால் அது பிரிட்ஜ் வகை, சிவப்பு, கறுப்பு இரண்டு முனையிலும் ஒலி ஓடும். அந்த ஆம்ப்புக்கு ஆர்.சி.ஏ. இணைப்பே பாதுகாப்பு.

வைக்கும் இடம்

மொத்த வேலையில் பாதி இதுதான். பலரும் டி.வி. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிடைத்த சந்தில் செருகிவிட்டுக் குமிழைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியில் வையுங்கள். நாற்காலி பொறுக்காவிட்டால் அதே இடத்தில் தரையில். மற்ற இரு ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு, பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். பிறகு சப் வைக்கக்கூடிய இடங்களில் எல்லாம், முன் சுவர், பக்கச் சுவர், மூலை என்று, தரையோடு குனிந்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். எல்லாச் சுருதியும் ஒரே அளவில் கேட்கும் இடம் எது? அங்கே சப் போகட்டும், நாற்காலியில் நீங்கள். ஒலி இரண்டு திசையிலும் ஒரே பாதையில் போவதால் இந்த வித்தை பலிக்கிறது. சத்தம் அதிகமான இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சமமான இடத்தைத் தேடுங்கள். ஓரடி நகர்ந்தாலே ஒலி மாறும், அவசரப்படாதீர்கள்.

மூலையில் வைத்தால் சத்தம் கூடும், அறையின் எல்லா முழக்கமும் சேர்ந்து எழும். முன் சுவரில், மூலையிலிருந்து அறை அகலத்தில் கால் பங்கு தள்ளித் தொடங்குவது நல்ல சமரசம். சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி போதும். நடு அறைப் பக்கம் மூன்றடி இழுத்து வைத்தால், பின்சுவரில் பட்டுத் திரும்பும் அலை 95 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வந்து நேரலையை வெட்டும்.

சோபாவில் நான்கு பேர் உட்காரும் வீடா? ஒரு பெரிய சப்பைவிட ஒரே மாதிரியான இரண்டு சிறிய சப், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில். எல்லா இருக்கைக்கும் பேஸ் சமமாகும்.

தரை மொசைக்கோ டைல்ஸோ ஆகி, அடியில் மண் என்றால் கீழே எதுவும் விரிக்கத் தேவையில்லை. மாடி அறையிலும் மரத்தட்டிலும் விரிக்க வேண்டும். குலசேகரம், அருமனைப் பக்கம் கிடைக்கும் புகையில் உலர்த்திய கச்சா ரப்பர் ஷீட்டை வெட்டிப் போட ஆசை வரும். வெயில் காலத்தில் பிசுபிசுத்துத் தரையோடு ஒட்டிக்கொள்ளும், புகைவாடையும் போகாது. மாட்டுத் தொழுவத்தில் விரிக்கிற தடித்த ரப்பர் மேட்டில் ஒரு துண்டு போதும்.

குமிழ்களைத் திருகும் வரிசை

கிராஸ்ஓவர், ஃபேஸ், சத்தம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஸ்பீக்கரிலிருந்து கீழ் அதிர்வெண்ணை வெட்டியிருந்தால் 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். வெட்டாமல் முழு ஒலியும் ஸ்பீக்கருக்குப் போகிறது என்றால், முதல் சோதனையில் ஸ்பீக்கர் எங்கே களைத்ததோ அங்கே, பெரும்பாலும் 50–60-ல். இரண்டும் ஒரே சுருதியைப் பாடினால் பேஸ் குழைந்துபோகும். 100-க்கு மேல் ஏற்றினால் ஆண் குரலின் அடிப்பகுதி சப்பிலிருந்து வரத் தொடங்கும், இடம் காட்டிக்கொடுக்கும்.

ஃபேஸுக்கு, கிராஸ்ஓவர் எண்ணிலேயே ஒரு டோன் ஓடவிட்டு, 0, 180 இரண்டிலும் கேளுங்கள். சத்தம் கூடும் நிலையே சரி. குமிழாக இருந்தால் இன்னும் துல்லியமான வழி: ஆம்ப்பை அணைத்துவிட்டு இரண்டு ஸ்பீக்கரின் சிவப்பு–கறுப்பு ஒயரையும் மாற்றிச் சொருகி, டோன் ஆகக் குறையும் இடம் வரை குமிழைத் திருகுங்கள். பிறகு அணைத்து ஒயரைப் பழையபடி மாற்றினால் அதே இடத்தில் சேர்க்கை உச்சத்தில் இருக்கும். கூடுவதைவிடக் குறைவதைக் காது எளிதாகப் பிடிக்கும்.

சத்தத்தைக் காதால் வைப்பதே மேல். போன் மைக் கீழ் அதிர்வெண்ணில் பொய் சொல்லும். போதாதற்கு டெசிபல் செயலிகள் பலவும் காட்டும் "ஏ" அளவை 50 ஹெர்ட்ஸை 30 டெசிபல் குறைத்தே கணக்கிடுகிறது. பழகிய நாலைந்து பாட்டுகளை ஓட்டி, சப் கேட்கும் வரை ஏற்றுங்கள். கேட்டதும் கொஞ்சம் இறக்குங்கள். ஒரு வாரம் தொடாதீர்கள். முதல் நாள் "பேஸே இல்லையே" என்று தோன்றுவது வழக்கம். காது அதுவரை அறையின் முழக்கத்தைத்தான் பேஸ் என்று எண்ணிப் பழகியிருக்கும். துல்லியம் விரும்புபவர்கள் அளவீட்டு மைக் ஒன்றும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்டு மென்பொருளும் கொண்டு அளக்கலாம். ஈக்குவலைசரில் (ஒவ்வொரு சுருதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) மேட்டை வெட்டுங்கள். பள்ளத்தை நிரப்பப் போகாதீர்கள். எவ்வளவு வாட்ஸ் ஊற்றினாலும் அது நிரம்பாது, சப்தான் சூடாகும்.

வரும் தொல்லைகள்

பாட்டில்லாத நேரத்திலும் "ம்ம்" என்று இரைந்தால், முதலில் கேபிள் டி.வி. அல்லது டி.டி.ஹெச். ஒயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். நின்றால் அதுதான் கிரவுண்ட் லூப், கருவிகளின் கிரவுண்டுகள் இரண்டு வழியில் இணைந்து உண்டாகும் இரைச்சல். கேபிள் டி.வி. என்றால் அந்த ஒயரில் ஐசொலேட்டர் (கிரவுண்டைப் பிரிக்கும் சிறு கருவி) போட வேண்டும். டி.டி.ஹெச். ஒயர் வழியாக டிஷ்ஷுக்கு மின்சாரம் போவதால், அங்கே ஐசொலேட்டரை ஆம்ப்புக்கு வரும் ஆடியோ ஒயரில் போடுங்கள். நிற்கவில்லையா, ஆம்ப்பையும் சப்பையும் ஒரே பிளக் பாக்ஸில் சொருகுங்கள். இரைச்சலை நிறுத்த மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடிப்பது உயிரோடு விளையாடுவது. இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் அது சதுர அலை இன்வெர்ட்டர். சைன் வேவ் தேவை.

கிலுகிலுப்பைப் பிடிக்க, 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோன் ஓடவிட்டு, இன்னொருவர் பீரோக் கதவு, ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி, டியூப் லைட் பட்டி என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்க்கட்டும். கை வைத்ததும் நிற்பதுதான் குற்றவாளி. ஃபெல்ட் துண்டோ சைக்கிள் டியூப் துண்டோ போதும்.

இரவில் மெல்ல வைத்துக் கேட்கும்போது சப் பாதியில் தூங்கிப்போனால் "ஆட்டோ" சுவிட்சை "ஆன்" ஆக்குங்கள். மெல்ல வைத்தாலும் பேஸ் சுவரைத் தாண்டும். நாகர்கோவிலில் சுவர் ஒட்டிய வீடுகளில் பக்கத்து வீட்டாருக்குப் பாட்டு கேட்காது, இடி மட்டும் கேட்கும். ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. குடியிருப்புப் பகுதிக்கு அப்போது 45 டெசிபல் வரம்பு. அந்த நேரத்தில் சப்பை அணைப்பதே முறை.

குளச்சல், முட்டம் போலக் கடலோர ஊர்களில் ஒயரின் செம்பு நுனி கறுத்து, பச்சை பூக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிப் புதிதாகச் சீவிச் சொருகுங்கள், ஆர்.சி.ஏ. முனைகளைக் கான்டாக்ட் கிளீனரால் துடையுங்கள். துளைப் பெட்டியின் வாயில் குளவி கூடு கட்டும், பல்லி முட்டையிடும். நீண்ட நாள் ஊரில் இல்லையென்றால் துளையைத் துணியால் அடைத்துவிட்டுப் போங்கள்; வந்ததும் எடுக்க மறந்து பாட்டுப் போட்டால் பேஸ் பாதிதான் வரும். ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்கும் சித்திரை, வைகாசிக் கோடை மழைக்கும் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கையும், கூடவே டி.டி.ஹெச். ஒயரையும் பிடுங்கிவிடுங்கள், மின்னல் பெரும்பாலும் ஒயர் வழியாகத்தான் ஆம்ப்புக்கு வருகிறது.